ஒரு கல்லும் பதின்மூன்று வகுப்புகளும்

சென்ற மாரிகாலத்தில் ஒரு நாட் காலை, கழுவுவதற்காக முற்றத்தில் வைத்திருந்த கேத்திலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, நாலாந்தரத்திற் படிக்கும் என் பேர்த்தி கேட்டாள்: "அம்மப்பா, உதுக்குள்ள ஏன் வெள்ளையாய்ப் பிடிச்சிருக்கு?"

நான் வாய் திறக்குமுன்னே அவளுடைய தமையன் விடை சொல்லிவிட்டான். அவன் உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படிப்பவன். விறாந்தையிலே கடந்தகால வினாத்தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டிருந்தவன், தலையை நிமிர்த்தாமலே, "அது ஊத்தை" என்றான்.

பின்னர் அவனுடைய கொப்பியை எடுத்துப் பார்த்தேன். வன்னீரைக் கொதிக்க வைக்கும்போது அதிலுள்ள கல்சியம் இருகாபனேற்றுப் பிரிகையுற்று, காபனீரொட்சைட்டு வெளியேற, கல்சியம் காபனேற்று வீழ்படிவாகிறது என்பதை அன்று காலையிலேதான் அவன் எழுதியிருந்தான். சமன்பாடும் பிழையின்றி இருந்தது. கேத்திலில் இருந்த வெள்ளைக்கும் கொப்பியில் இருந்த சமன்பாட்டுக்கும் இடையிலே பத்தடி தூரந்தான். அந்தப் பத்தடியைக் கடக்க அவனுக்குப் பன்னிரண்டு ஆண்டுக் கல்வி போதவில்லை.

அவனைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. முப்பத்துநான்கு ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தவன் நான். என்னிடம் படித்தவர்களில் எத்தனை பேர் இப்படியே "ஊத்தை" என்று சொல்லிக்கொண்டு வாழ்கிறார்களோ என்ற அச்சமே என்னை எழுதத் தூண்டுகிறது.

ஆரம்ப வகுப்புகளிலே விஞ்ஞானம் என்ற பெயரில் ஒரு பாடம் இல்லை. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று வைத்திருக்கிறார்கள். 1990களின் இறுதியில் வந்த சீர்திருத்தத்தோடு அமைந்த பெயர் இது. நல்ல பெயர், அதற்குப் பின்னால் உள்ள எண்ணமும் நல்லதே. குழந்தை இலையைப் பொறுக்குகிறது, விதையை முளைக்க வைக்கிறது, மழை நாளையும் வெயில் நாளையும் குறித்து வைக்கிறது. விஞ்ஞானி செய்வதும் இதைத்தானே? ஆனால் ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் மூன்றாந்தரத்திலேயே விழத் தொடங்கிவிடுகிறது. அதன் பின்பு இலையைப் பொறுக்க நேரமில்லை. இலையின் படத்திற்குக் கீழே உள்ள விடைகளிற் சரியானதற்குக் கோடிடப் பழக வேண்டும். கேள்வி கேட்கும் பிள்ளை விடை தெரிவு செய்யும் பிள்ளையாக மாறுவது இந்த வயதிலேதான். என் பேர்த்தியிடம் இன்னும் ஓராண்டு மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறேன்.

ஆறாந்தரத்திலிருந்து விஞ்ஞானம் தன் சொந்தப் பெயரோடு வருகிறது. ஆய்வுகூடம் உள்ள பெரிய பாடசாலைகளின் தனிச் சொத்தாக ஒரு காலத்தில் இருந்த இப்பாடம், 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தினாலே கிராமத்துப் பிள்ளைகள் உட்பட எல்லாருக்கும் உரியதாயிற்று. இந்த நன்மையை மறப்பது நன்றியின்மை. ஆயினும், பாடம் கிராமத்துக்கு வந்ததேயன்றிக் கிராமம் பாடத்துக்குள் வரவில்லை. வரைவிலக்கணம் முதலில் வருகிறது. பொருள், நேரம் இருந்தால், பின்னால் வருகிறது. ஓர் இலையை வெயிலிலும் இன்னோர் இலையைக் கறுப்புக் கடதாசிக்குள்ளும் வைத்துப் பார்ப்பதற்கு முன்பே, ஒளித்தொகுப்பு என்றால் என்ன என்பதைப் பிள்ளை மனனம் செய்துவிடுகிறது. விடை முன்பே தெரிந்துவிட்ட பின்னர் எவன் இலையைப் பார்க்கப் போகிறான்?

கலைச்சொற்களே இடர்ப்பாட்டுக்குக் காரணம் என்று சிலர் சொல்வதுண்டு. கடலுக்கு அப்பால் அழுத்தம் என்பதை நாம் அமுக்கம் என்கிறோம். அவர்கள் ஆக்சிஜன் என்பது நமக்கு ஒட்சிசன். அவர்களுடைய இயற்பியல் நமக்குப் பௌதிகவியல். இதனாற் கடையில் வாங்கும் இந்தியப் புத்தகம் நம் பிள்ளையைச் சற்றுத் தடுமாற வைக்கும் என்பது மெய்தான். இவற்றையெல்லாம் தாண்டிவிடலாம் என்று 2001இல் உயர்தர விஞ்ஞானத்தை மீண்டும் ஆங்கிலத்திற் படிக்க வழி திறந்தார்கள். ஆங்கிலம் கற்பது எல்லாவகையாலும் நன்றே. ஆனால் என் பேரன் ஆங்கில மொழிமூலம் படித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? "ஊத்தை" என்பதை ஆங்கிலத்திற் சொல்லியிருப்பான், அவ்வளவே.

மானிப்பாயில் இருந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1860களிலேயே நம் இளைஞருக்குத் தமிழில் மருத்துவம் கற்பித்தார். அவர் வெளியிட்ட இரசாயன நூலாகிய "கெமிஸ்தம்" 1875இல் அச்சாயிற்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் நாம் முறையிடுவது அந்த மனிதருக்குச் செய்யும் அவமதிப்பு.

சொல்லைவிடப் பூட்டுத்தான் பெரிய தடை என்பது என் அனுபவம். நான் கற்பித்த பாடசாலையொன்றில் ஆய்வுகூட அலுமாரி ஒன்று இருந்தது. முகவைகளும் குடுவைகளும் கண்ணாடிக் குழாய்களும் அதற்குள் வரிசையாக நின்றன. ஒன்று உடைந்தால் இருப்புப் புத்தகத்திற் பதிந்து, விளக்கம் எழுதி, கையொப்பம் பெற வேண்டும். ஆண்டு முடிவிற் கணக்கெடுக்க வருபவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். ஒன்றும் குறையாதிருந்தால் எனக்குப் பாராட்டு. எனவே நான் அலுமாரியைத் திறப்பதில்லை. பத்து ஆண்டுகள் எதுவும் உடையவில்லை! பிள்ளைகளும் எதையும் தொடவில்லை. அந்தப் பாராட்டை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகு வந்த காலம் அந்த அலுமாரியையும் பறித்துக்கொண்டது. 1990களில், பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில், வடக்கிலே மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, பற்றரி கொண்டுவரத் தடை. மின்னோட்டம் என்ற பாடத்தைப் பற்றரி இல்லாமலே கற்பிக்க வேண்டியதாயிற்று. ஆனால் விந்தையைப் பாருங்கள்: அந்த ஆண்டுகளிலேதான் என் மாணாக்கர் மெய்யாகவே விஞ்ஞானம் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுழற்றி, டைனமோவின் மின்னால் வானொலியில் செய்தி கேட்டார்கள். விரைவாகச் சுழற்றினால் என்ன ஆகும், மெதுவாகச் சுழற்றினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குக் கையால் தெரியும். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு விளக்குச் செய்து, எந்தத் திரி குறைந்த எண்ணெயில் நீண்ட நேரம் எரிகிறது என்று இரவு இரவாக ஒப்பிட்டார்கள். இதனைப் பரிசோதனை என்று எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர்கள் இரவில் மின்காந்தத் தூண்டலைச் செய்துவிட்டு வந்தார்கள். நான் பகலில் அதன் விதியைக் கரும்பலகையில் எழுதி மனனம் செய்யச் சொன்னேன். வறுமையையும் போரையும் நான் புகழவில்லை. அத்தகைய காலம் எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது. கண்ணாடிக் குடுவைதான் விஞ்ஞானம் என்ற என் மூடநம்பிக்கை அப்போது உடைந்தது என்றே சொல்கிறேன்.

எனக்கு ஒரு யோசனை உண்டு. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின் மேலே இருக்கிறது. கிணறு வெட்டினால் அதே கல். வேலி ஓரத்திற் குவித்து வைத்திருப்பதும் அதே கல். அந்த ஒரே கல்லை வைத்துக்கொண்டு முதலாந்தரம் முதல் பதின்மூன்றாந்தரம் வரை ஏன் கற்பிக்கக்கூடாது?

முதலிரு வகுப்புகளிற் பிள்ளை அதனைப் பொறுக்கிக்கொண்டு வரட்டும், தூக்கிப் பார்க்கட்டும், அதற்குள்ளே பதிந்திருக்கும் சிப்பியின் வடிவத்தைக் கண்டுபிடிக்கட்டும். நாலாந்தரத்திலே அதனை இடித்துத் தூளாக்கி, தேசிக்காய்ப் புளியை விட்டுப் பார்க்கட்டும். நுரைக்கும். செங்கல்லுக்கும் கருங்கல்லுக்கும் விட்டால் நுரைக்காது. ஏன் என்று இப்போதைக்குச் சொல்ல வேண்டியதில்லை. எது நுரைக்கிறது, எது நுரைக்கவில்லை என்று ஓர் அட்டவணை எழுதினாற் போதும்.

ஏழாம் எட்டாந்தரங்களிலே வெற்றிலைச் சுண்ணாம்பை நீரிற் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்தெடுத்து, ஒரு குழாயால் அதற்குள்ளே ஊதச் சொல்லலாம். (உறிஞ்சிவிடாமற் பார்த்துக்கொள்வது ஆசிரியர் பொறுப்பு.) நீர் பால் நிறமாகும். சிறுவருக்கு இதைவிட வியப்பான காட்சி வேறில்லை. தன் மூச்சு நீரை வெள்ளையாக்குகிறது! ஆனால் ஆசிரியர் வழக்கமாக அங்கே நிறுத்திவிடுகிறார், புத்தகமும் நிறுத்திவிடுகிறது. பொறுமையோடு ஊதிக்கொண்டே இருந்தால் அந்தப் பால் நிறம் மங்கி நீர் மீண்டும் தெளியத் தொடங்கும். தெளிந்த அந்த நீரைக் கொதிக்க வைத்தால், வெள்ளை மீண்டும் தோன்றும். அதுதான் என் பேர்த்தி கேத்திலுக்குள் கண்டது. அதற்குள்ளே முழுக் குடாநாட்டின் கதையும் அடங்கியிருக்கிறது: மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை ஏற்றுக் கல்லைக் கரைக்கிறது, கல்லிலே குகையும் பிளவும் உண்டாகின்றன, கரைந்த கல் கிணற்றுக்கு வருகிறது, கிணற்றிலிருந்து அடுப்புக்கு வருகிறது, அடுப்பில் மீண்டும் கல்லாகிறது.

பத்தாந்தரத்திற் சமன்பாட்டை எழுதலாம். இப்போது அது எழுத்துக்கூட்டமாக இராது. சுண்ணாம்புச் சூளையையும் நீற்றுச் சுண்ணாம்பையும் சேர்த்துக்கொள்ளலாம். கருப்பணி புளித்துக் கள்ளாகாமல் இருக்க முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசும் சீவற்தொழிலாளியை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து வந்து பேசச் சொல்லலாம். உயர்தரத்திற் சமநிலையும் கரைதிறன் பெருக்கமும் வரும்போது, அதே கல் மேசைமேல் இருக்கும். மைக்கல் பரடே ஒரேயொரு மெழுகுதிரியை வைத்துக்கொண்டு சிறுவருக்கு ஆறு விரிவுரைகள் நிகழ்த்தினார். 1861இல் அவை நூலாக வந்தன. அவர் இலண்டனில் இருந்தார், மெழுகுதிரி கிடைத்தது. நமக்குக் கல் கிடைத்திருக்கிறது.

இதைச் சொன்னால் என் பழைய சகாக்கள் சிரிக்கிறார்கள். "பாடத்திட்டத்தை முடிக்கவே தவணை போதாது, கல்லைப் பொறுக்க எங்கே நேரம்?" என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. உயர்தரப் பரீட்சையிலே பௌதிகவியலுக்கோ இரசாயனவியலுக்கோ தனியான செய்முறைப் பரீட்சை இல்லை. பரிசோதனையைப் பற்றியும் கடதாசியிலேதான் எழுத வேண்டும். அளவியைத் தொடாதவனும் அளவியைப் பற்றி நிறைந்த புள்ளி பெறலாம். தனியார் வகுப்பில் ஐந்நூறு பேரை ஒரே கொட்டகையில் இருத்திப் படிப்பிக்கும்போது கல்லை எங்கே காட்டுவது? ஆயினும் ஆறாந்தரம் முதல் ஒன்பதாந்தரம் வரையுள்ள நான்கு ஆண்டுகளில் எந்த நாடளாவிய பரீட்சையும் விஞ்ஞானத்துக்கு இல்லை. தவணைப் பரீட்சையை நாமேதான், நம் வலயத்திலோ மாகாணத்திலோ, தயாரிக்கிறோம். அதிலே அரைவாசிப் புள்ளியை, பிள்ளை தன் கையாற் செய்து தன் கொப்பியிற் குறித்ததற்கு வழங்க நம்மைத் தடுப்பவர் யார்? கொழும்பைக் காரணங் காட்டுவது நமக்குப் பழகிவிட்டது.

இது பரீட்சைப் புள்ளியைப் பற்றிய வழக்கன்று. நாட்டிலுள்ள பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகளில், உயர்தர விஞ்ஞானம் உள்ளவை ஏறக்குறைய ஆயிரந்தான். பெரும்பான்மையான பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் பதினோராந்தரத்தோடு முடிந்துவிடுகிறது. அவர்கள் வைத்தியரோ பொறியியலாளரோ ஆகப்போவதில்லை. ஆனால் எல்லாரும் நீர் குடிக்கப்போகிறார்கள்.

2014, 2015ஆம் ஆண்டுகளிற் சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்துவிட்டது என்று எழுந்த பெருங்கவலை வாசகருக்கு நினைவிருக்கும். அறிக்கைகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டன. எங்கள் ஊரிலும் ஒரு கூட்டம் நடந்தது. என்னிடம் படித்தவர்கள் இருபது பேராவது அங்கே இருந்தார்கள். ஒருவர் நீரை முகர்ந்து பார்த்து எண்ணெய் என்றார். மற்றவர் முகர்ந்து இல்லை என்றார். எந்தக் கிணறு, எந்த ஆழம், எந்த நாள், மழைக்கு முன்னா பின்னா, தொலைவில் உள்ள ஒரு கிணற்று நீரோடு ஒப்பிட்டார்களா என்று ஒருவராவது கேட்கவில்லை. இவற்றைக் கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை; எட்டாந்தரம் போதும். அந்த எட்டாந்தரத்தை அவர்களுக்குக் கற்பித்தவன் பின்வரிசையிலே குனிந்துகொண்டு இருந்தேன்.

நிலாவரைக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிச் செல்கிறோம். இராமர் அம்பு எய்த கதையைச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். அந்தக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதையும், அதுபோலவே நம் குடாநாட்டின் நன்னீர் முழுவதும் உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது என்பதையும், மோட்டரால் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே வரும் என்பதையும் அங்கேயே நின்று சொல்ல இரண்டு நிமிடங்கூட ஆகாது.

கேத்தில் விடயத்துக்கு வருகிறேன். அன்று பேர்த்திக்கு நான் விடை சொல்லவில்லை. தேசிக்காய் ஒன்றைப் பாதியாக வெட்டிக் கொடுத்து, கேத்திலுக்குள் பிழிந்து பார்க்கச் சொன்னேன். நுரைத்தது. கிணற்றடியிற் கிடந்த கல்லொன்றைத் தானாகவே எடுத்து வந்து உடைத்து அதற்கும் பிழிந்தாள். அதுவும் நுரைத்தது. சிறிது நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மப்பா, அப்ப நாங்கள் கல்லையோ குடிக்கிறம்?" என்றாள். விறாந்தையில் இருந்தவன் வினாத்தாளை வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

அடுத்த சனிக்கிழமை, இன்னும் துலா நிற்கும் கிணறு ஒன்றை அயலூரிலே தேடிப் போவதென்று நாங்கள் மூவரும் தீர்மானித்தோம். பாடசாலையிற் பிள்ளை நெம்பு என்று படிப்பது அதைத்தான். ஆனால் சனிக்கிழமை காலையில் இருவருக்கும் ரியூசன் இருக்கிறது என்று மகள் சொல்லிவிட்டாள்.