தெர்மாகோலில் ஓர் அனல்மின் நிலையம்

எண்ணூர் காட்டுக்குப்பத்தில் ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு ‘மின்சாரம் தயாராகும் விதம்’ என்று ஒரு ப்ராஜக்ட் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது வட சென்னையில் பிள்ளை வளர்க்கும் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குத்தான் விஷயமே வெளியில் வரும். “நாளைக்கே கொண்டாரணும்னு மிஸ் சொல்லிட்டாங்கம்மா.” கடை அடைப்பதற்குள் ஓட வேண்டும். சார்ட், தெர்மாகோல், ஸ்கெட்ச் பேனா, அனல்மின் நிலையம் அச்சடித்த படத்தாள். அப்பா பிளேடால் தெர்மாகோலை அறுப்பார்; அக்கா நல்ல கையெழுத்தில் தலைப்பு எழுதுவாள்; புகைபோக்கியின் வாயில் கொஞ்சம் பஞ்சு. பிள்ளை அதற்குள் தூங்கியிருக்கும். கொசஸ்தலை ஆற்றின் அக்கரையில் 1994இல் உற்பத்தியைத் தொடங்கிய வட சென்னை அனல்மின் நிலையம் அந்த நேரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி அந்தப் பிள்ளையிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதில் ஆசிரியரைக் குற்றம் சொல்வது சுலபம், ஆனால், சரியில்லை. செய்து கற்பது சென்னைக்குப் புதிதல்ல. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான முறையைப் பார்த்து, மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுக்கப் போனது. அதன் தொடர்ச்சியாக 6, 7, 8ஆம் வகுப்புகளுக்குப் ‘படைப்பாற்றல் கல்வி’ வந்தது: படி, அடிக்கோடிடு, மன வரைபடம் போடு, குழுவாகப் பேசு, எழுது. 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை. தேர்வுக்கு 60, வளரறி மதிப்பீட்டுக்கு 40; அந்த நாற்பதில் பாதி செயல்பாடுகளுக்கு.

தடம் மாறியது இங்கேதான் என்று நினைக்கிறேன். செயல்பாட்டுக்கு மதிப்பெண் என்றதும், அந்த மதிப்பெண்ணுக்குச் சான்று தேவைப்பட்டது. ஆய்வுக்கு அதிகாரி வந்தால் எடுத்துக் காட்ட வேண்டும். ஒரு மாணவி மூன்று நாள் யோசித்துக் கேட்ட கேள்வியை மேசைமேல் வைத்துக் காட்ட முடியாது, தெர்மாகோலை வைக்கலாம். ஆகவே செயல் போய்ப் பொருள் வந்தது. பொருள் என்று ஆனபின் அதை யார் செய்தால் என்ன, கடையில் வாங்கினால்தான் என்ன? தனியார் பள்ளிகளில் ரெடிமேடாகவே கிடைக்கிறது. அன்றாடக் கூலிக்குப் போகும் வீட்டில் அது மாதத்துக்கு இரண்டு மூன்று முறை வரும் ஒரு செலவு, அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தைப் புரட்டுங்கள். இடம்பெயர்தல் மற்றும் நகரமயமாதல், இடர்கள், தொழிலகங்கள், புவிப்படங்களைக் கற்றறிதல் என்று பாடங்கள் வரிசையாக வருகின்றன. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு முறை பேருந்தில் போய்வந்தால் இந்த நான்கு பாடங்களும் ஜன்னலுக்கு வெளியே இருக்கின்றன. 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், திருவொற்றியூரில் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகள், என்ஃபீல்டு, அசோக் லேலண்ட், மணலி சுத்திகரிப்பு ஆலை, காமராஜர் துறைமுகம். பாடநூல் மாநிலம் முழுமைக்கும் எழுதப்படுவது. அதில் இந்த வழியில் இருக்கும் எர்ணாவூரின் பெயர் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. எர்ணாவூரைப் பாடத்துக்குள் கொண்டுவர வேண்டியது எர்ணாவூர்ப் பள்ளிதான்.

‘உள்ளூர்ச் சூழலோடு இணைத்துக் கற்பித்தல்’ என்று எல்லாப் பயிற்சி முகாம்களிலும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். எப்படி என்பதற்கு ஓர் உதாரணம்.

2023 டிசம்பர் 26, நள்ளிரவை ஒட்டிய நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில் உள்ள உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கண் எரிந்து, மூச்சு முட்டி, பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அமோனியா ஒரு காரம். அமிலங்களும் காரங்களும் எட்டாம் வகுப்பு அறிவியலில் ஒரு தனிப் பாடம். மஞ்சள் ஓர் இயற்கை நிறங்காட்டி என்பதும் அதில் வரும். எல்லாப் பள்ளிகளிலும் மஞ்சள் தாளைச் சோப்புத் தண்ணீரில் தொட்டு, சிவப்பானதைப் பார்த்து, நோட்டில் எழுதி முடித்துவிடுகிறார்கள்.

அதையே இன்னும் பத்து நிமிடம் நீட்டலாம். ஆசிரியர், சோதனைக்கூடத்தில் இருக்கும் நீர்த்த அமோனியக் கரைசலில் ஒரு சொட்டைப் பஞ்சில் விட்டு ஒரு பாட்டிலுக்குள் போடட்டும். ஈரமான மஞ்சள் தாளைப் பாட்டிலின் வாயருகே பிடித்தால் தொடாமலேயே அது சிவக்கும். இப்போது அந்தத் தாளை மின்விசிறிக் காற்றில் கொஞ்ச நேரம் வைத்தால் அமோனியா ஆவியாகிப்போகும். தாள் மறுபடி மஞ்சளாகத் தொடங்கும். சோப்புத் தண்ணீர் பட்ட தாள் அப்படி மாறாது. இந்த இடத்தில் ஒப்படைவாக ஒரு கேள்வி கொடுக்கலாம்: “இரவு வாடை அடித்தது. காலையில் வந்து பார்த்தவர் ஒன்றுமில்லை என்கிறார். இருவர் சொல்வதும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? எப்போது, எங்கே அளந்திருக்க வேண்டும்?” இதற்குக் கைடில் பதில் இல்லை. அப்பாவும் எழுதிக் கொடுக்க முடியாது.

2024 அக்டோபர் இறுதியில் திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் மாணவிகள் மூச்சுத்திணறி, மயங்கி, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நடமாடும் ஆய்வு வாகனம் வந்து காற்றை அளந்தது. அந்த வண்டிக்குள் இருக்கும் கருவிகள் எவற்றை அளக்கும், எவற்றை அளக்காது, வந்துசேர்வதற்குள் காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்பதெல்லாம் மஞ்சள் தாள் சோதனையைச் செய்த பிள்ளைக்குப் புரியும்.

காற்றின் திசையும் அப்படித்தான். பள்ளிக் கொடிக்கம்பத்தில் ஒரு துணி நாடா, ஒரு நோட்டு, காலை ஒன்பதுக்கும் மதியம் ஒன்றுக்கும் மாலை நான்குக்கும் ஒரு குறிப்பு; முறை வைத்து ஆளுக்கு ஒரு வாரம். கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது, ஐப்பசியில் திசை எப்படி மாறுகிறது என்பது ஒரு பருவம் முடிவதற்குள் தெரிந்துவிடும். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றை எட்டுத் திக்கிலும் பிரித்துச் சொல்லும் தாத்தாக்கள் குப்பங்களில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் நோட்டில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை. வாயு கசிந்தால் காற்றுக்குக் குறுக்காக விலகி ஓட வேண்டும், அமோனியா தண்ணீரில் சட்டென்று கரையும் என்பதால் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொள்ள வேண்டும் என்பவை தீயணைப்புத் துறையினர் வழக்கமாகச் சொல்பவை. காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் பழகாத ஊரில் அந்த அறிவுரையால் பயனில்லை.

கணக்குப் பாடத்துக்கு வருவோம். மணலியில் அரசின் தானியங்கிக் காற்றுத் தர நிலையம் இருக்கிறது. மணிக்கு மணி எண்கள் இணையத்தில் கிடைக்கின்றன. 2.5 மைக்ரானுக்குக் குறைவான நுண்துகள், 24 மணி நேரச் சராசரியில் ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி. ஒரு பேச்சுக்கு, 23 மணி நேரம் அளவு 30 என்றும், ஒரு மணி நேரம் மட்டும் 300 என்றும் வைத்துக்கொள்வோம். கூட்டி 24ஆல் வகுத்தால் 41 சொச்சம். அறிக்கைப்படி அன்றைய காற்று வரம்புக்குள்தான். அந்த ஒரு மணி நேரம் பள்ளி தொடங்கும் நேரமாக இருந்தால்? சராசரி எதைக் காட்டும், எதை மறைக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பயிற்சிக் கணக்கு எனக்குத் தெரிந்து எந்தப் பாடநூலிலும் இல்லை. கிரிக்கெட் ரன்களும் மாணவர்களின் உயரமும்தான் இருக்கின்றன.

எல்லாப் பாடத்தையும் மாசுக்குள் கொண்டுபோய் முடிக்க வேண்டும் என்றும் இல்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. தடைக்கு முன்பும் பின்பும் காசிமேட்டில் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி விலையை எழுதிவரச் சொன்னால் விழுக்காடும் வரைபடமும் சேர்ந்தே வந்துவிடும். அன்னக்கூடை தூக்கும் பாட்டி பேரனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பதும் நடக்கும்.

தயக்கங்கள் நியாயமானவை. பெரியது, பிள்ளைகளின் பாதுகாப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் கலந்துவந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் படகு, வலை, கூழைக்கடா என்று எல்லாவற்றின் மேலும் படிந்தபோது, மீனவர்கள் வாளியும் கையுமாக அதை அள்ளினார்கள். அதே வேலையை ‘களப்பயணம்’ என்ற பெயரில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடக் கூடாது. மாதிரி எடுப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. பிள்ளை ஜன்னல் திட்டில் வாசலின் தடவிய கண்ணாடித் தகட்டை வைத்து, மறுநாள் லென்ஸில் துகள்களை எண்ணினால் போதும்.

இன்னொரு தயக்கத்தை வெளியில் யாரும் பேசுவதில்லை. எந்த ஆலையிலிருந்து நாற்றம் வருகிறது என்று பிள்ளை எழுதுகிறதோ, அந்த ஆலையின் கேட்டில்தான் அப்பா ஒப்பந்தத் தொழிலாளியாக நிற்கிறார். தலைமையாசிரியருக்கு இது தெரியும். அதனால் பேசாமல் மரம் வளர்ப்போம் சார்ட்டுக்குப் போய்விடுகிறார். நான் அவரைக் கோழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்படைவு என்பது புகார் மனு அல்ல. யார் செய்தது என்று எழுத வேண்டியதில்லை. என்ன, எப்போது, எவ்வளவு, எந்தத் திசை என்று எழுதினால் போதும். அப்பாவின் வேலையைப் பற்றியும் எழுதட்டும்: ஷிஃப்டு எத்தனை மணி நேரம், ஹெல்மெட், கையுறை யார் தருகிறார்கள், நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் என்ன வித்தியாசம். தொழிலகங்கள் பாடம் அதுதானே?

ஜூன் 5, சுற்றுச்சூழல் நாள் வந்தால் வெளியிலிருந்து ஆட்கள் வந்து, பிள்ளைகளுக்கு முகமூடி மாட்டி, ‘எங்களைக் காப்பாற்றுங்கள்’ என்று அட்டை பிடிக்க வைத்துப் படம் எடுத்துப்போவதும் நடக்கிறது. அதுவும் தெர்மாகோல்தான். பிள்ளையின் இருமலைக் காட்சிக்கு வைப்பதற்கும் பிள்ளையை அளக்கத் தெரிந்தவளாக ஆக்குவதற்கும் வெகு தூரம்.

ஆசிரியர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். எமிஸ் இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்றுவதற்கே நேரம் போதவில்லை. ஆறாம் வகுப்புக்கு வரும் சில பிள்ளைகளுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வருகிறது. 2025-26இல் ‘திறன்’ திட்டம் கொண்டுவந்ததே அதற்காகத்தான். முதலில் வாசிக்க வரட்டும், பிறகு அறிவியல் பார்க்கலாம் என்கிறார்கள். இந்த வரிசையை நான் ஏற்கவில்லை. தான் பார்த்ததை நான்கு வரி எழுதும் பிள்ளை, அந்த நான்கு வரியைத் திரும்ப வாசிக்கிறது. கரும்பலகையிலிருந்து நகலெடுத்ததை அது வாசிப்பதில்லை.

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972இல் 16 கிராமப்புறப் பள்ளிகளில், சரியாக இந்த 6, 7, 8ஆம் வகுப்புகளில்தான், சோதனை வழி அறிவியல் தொடங்கியது. குறைந்த செலவில் ஒரு பெட்டி, மாதந்தோறும் ஆசிரியர்கள் கூடிப் பேசும் கூட்டம், புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வு. முப்பது ஆண்டுகள் நடந்தது. 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. அது அத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் பெட்டி அல்ல, தேர்வை மாற்றியதுதான் என்பது என் கணிப்பு. நம்மிடம் 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் இருக்கிறது. தன்னார்வலர்கள் வண்டியில் சோதனைப் பொருள்களோடு அதே 6-8 வகுப்புகளுக்குப் போகிறார்கள். நல்ல காரியம். ஆனால், வண்டி போனபின் பழைய வினாத்தாள் அப்படியே இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு ஒரு வசதி உண்டு. எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு அறிவிப்பை 2020 பிப்ரவரியில் அரசு திரும்பப் பெற்றது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு கட்டாயத் தேர்ச்சியைக் கைவிட்டபோதும் மாநிலம் தன் பள்ளிகளில் அதைத் தொடர்கிறது. ஆக, 6, 7, 8 என்ற இந்த மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு பயமில்லாதவை. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இந்த இடம் கிடைக்காது.

மாநகராட்சியின் திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் அடுத்த கல்வியாண்டில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். செயல்பாட்டுக்கான 20 மதிப்பெண்ணை, பருவம் முழுக்கப் பிள்ளை தன் கைப்பட எழுதிய ஒரே நோட்டுக்குக் கொடுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் மதிப்பெண் குறையக் கூடாது. தேதி இல்லாவிட்டால் குறையட்டும். சார்ட், தெர்மாகோல் மாதிரிகளுக்கு மதிப்பெண் இல்லை என்று சுற்றறிக்கையில் வெளிப்படையாகவே எழுதுங்கள், பெற்றோர் வாழ்த்துவார்கள். லென்ஸ், வெப்பமானி, மழைமானி, லிட்மஸ் தாள் எல்லாம் சேர்த்து ஒரு பெட்டியாக ஒரு பள்ளிக்கு ஆகும் செலவு சில ஆயிரம்தான். இந்த வட்டாரத்தில் பள்ளிச் சுவருக்குப் பெயின்ட் முதல் ஸ்மார்ட் போர்டு வரை ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியில் வருகிறது, வரட்டும். காற்றை அளக்கும் பெட்டிக்கு மட்டும் மாநகராட்சியே பணம் கொடுக்கட்டும், ஆலையின் முத்திரை குத்திய பெட்டியோடு பிள்ளைகள் ஆலையின் காற்றை அளக்க வேண்டாம்.