இரு கரையும் காண வாரீர்

மட்டக்களப்பைக் காண வருவோர் பெரும்பாலும் மூன்றைத் தேடி வருகின்றனர். பாடும் மீன் ஒன்று. புளியந்தீவிலுள்ள கோட்டை மற்றொன்று. கல்லடிப் பாலம் பிறிதொன்று. அரை நாளில் மூன்றையும் கண்டு மீள்வோர் இந்நாட்டின் ஒரு பாதியை மட்டுமே கண்டவராவர். மறு பாதி நீருக்கு அப்பால் இருக்கின்றது.

களப்பு என்பது வாவிக்கு வழங்கும் பெயர். ஊர்ப் பெயரிலேயே நீர் நிற்கின்றதன்றோ? கடற்கரையை ஒட்டி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவிக்கும் கடலுக்கும் இடையே உள்ள ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை. ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி முதலிய ஊர்கள் இங்கு உள்ளன. மேற்கே வயலும் காடும் பரந்த பெருநிலம் படுவான்கரை. கொக்கட்டிச்சோலை, அம்பிளாந்துறை, வெல்லாவெளி ஆகியன அப்பக்கத்தன.

கதிரவன் எழும் கரை, படும் கரை என்னும் இப்பெயர்களை மாணவர் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். இக்கரையில் நிற்பவனுக்கு ஞாயிறு எழுவது கடலிலே. இரு பெயரும் ஒருங்கே பொருந்துவது வாவியின் நடுவே தோணியில் இருப்பவனுக்குத்தான். நாட்டைப் பார்ப்பதற்குரிய இடம் எதுவென்பதை இப்பெயர்களே காட்டிவிடுகின்றன.

பாடும் மீனும் அவ்வாறே. நிலவுள்ள அமைதியான இரவில், தோணியிலிருந்து துடுப்பை நீருள் இறக்கி அதன் மறுமுனையில் காதை வைப்போர்க்கே அவ்வொலி கேட்குமென்பர். 1848இல் இங்கு வந்து அதைக் கேட்ட எமர்சன் தெனன்ற் என்னும் பிரித்தானிய அதிகாரியிடம், அவ்வொலி நீரடியிலுள்ள ஊரியினுடையது என்றே செம்படவர் கூறினர். ஆயினும் சின்னமாக நிலைத்தது மீனே. நாடும் ‘மீன்பாடும் தேன்நாடு’ ஆயிற்று.

கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினர். ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றினர். கல்லடிப் பாலம் 1924இல் எழுந்தது. அதனருகே புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. இவையெல்லாம் நகரின் வரலாறு. வாவியின் வரலாறோ கரை கடந்தவர்களின் வரலாறு. படுவான்கரை நெல்லும் தயிரும் தந்தது. எழுவான்கரை மீனும் தேங்காயும் தந்தது. போர்க்காலத்தில் 2007 வரை, கரை மாறுவதே ஆட்சி மாறுவதாக இருந்த ஆண்டுகள் பல. 2004 மார்கழியில் ஆழிப்பேரலை எழுவான்கரையை அழித்தது. இவ்விரு துயரையும் அறியாதவர் இந்நாட்டின் அழகை மட்டும் அறிந்தவரே.

2014இல் ஜப்பானிய உதவியுடன் மண்முனையில் பாலம் அமைந்தபின், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்துக்குத் தரைவழியே விரைவிற் செல்லலாம். நோயாளிக்கும் பள்ளிப்பிள்ளைக்கும் அது பெரும்பேறு. எனினும் வருகின்றவர்க்கு நாம் கூறுவது வேறு. குருக்கள்மடத்தில் இறங்கி, அம்பிளாந்துறைக்குப் பாதையில் ஏறுக. இங்கே பாதை என்பது தெருவன்று. மக்களையும் சைக்கிள்களையும் ஒருங்கே சுமந்து நீரைக் கடக்கும் மிதவை. அக்கரையிற் பால் விற்று மீளும் முதியவரும், புத்தகம் சுமக்கும் சிறுவரும் உம்மோடு நிற்பர். நடு நீரில் இரு பக்கமும் திரும்பிப் பாருங்கள். மட்டக்களப்பு முழுமையாகத் தோன்றும் இடம் அதுவே.