ஒன்பதாம் இலக்கம் பதிந்த வானம்

பத்திரிகைத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பின்னரும் என்னை விட்டு நீங்காத பழக்கம் ஒன்றுண்டு. பழைய யஷிக்கா இரட்டை வில்லைக் கமெராவில் 120 பிலிம் சுருளைப் போட்டுப் படம் பிடிப்பது. இந்தக் காலத்தில் இதென்ன கிறுக்கு என்று வீட்டார் கேட்பதுண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் இன்று எழுத முனைவது அக்கிறுக்கைப் பற்றியன்று. சுருளில் உள்ள குறையால் ஒரு படம் கெட்டுப்போனால் அதற்கு யார் பொறுப்பு என்பதைப் பற்றியே.

2012 ஏப்ரலில் தம்புள்ளைப் பள்ளிவாசல் விவகாரம் வெடித்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அப்பகுதியில் இருந்த பத்திரகாளி அம்மன் கோயிலின் எதிர்காலமும் அப்போதே கேள்விக்குறியாகியது. பத்திரிகைக்கான படங்களை டிஜிட்டல் கமெராவிலேயே எடுத்தோம். கூட்டம், பொலிஸார், பதாகைகள் எல்லாம் அதில் அடங்கின. சில வாரங்கள் கழித்து ஆரவாரம் ஓய்ந்த ஒரு காலைப் பொழுதில், யஷிக்காவுடன் தனியே சென்றேன். ஒரு சுருள், பன்னிரண்டு படங்கள். வாசல் கூட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "எத்தனை படம் எடுத்தாலும் அம்மாள் கோபிக்கமாட்டா தம்பி" என்றார்.

அச்சுருளை உடனே கழுவவில்லை. மேசை இழுப்பறையில் ஐந்து மாதங்கள் கிடந்தது. கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது நெஞ்சு திக்கென்றது. படங்கள் நன்றாகவே விழுந்திருந்தன. ஆனால், ஏறத்தாழ ஒவ்வொன்றிலும் வானப் பகுதியில் இலக்கங்களும் வட்டப் புள்ளிகளும் மங்கலாகப் பதிந்திருந்தன. கோயில் முகப்பு முழுதாகத் தெரிந்த ஒரே படத்தில் முகப்பின் மேல் 9 என்ற இலக்கம் நின்றது. மீண்டும் போய் எடுக்கலாம் என்று நாளைக் கடத்தினேன். 2013 ஒக்டோபரில் கோயில் இடிக்கப்பட்டது.

இக்குறை எவ்வாறு நேர்கிறது என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று. 120 என்ற அளவு 1901இல் கொடாக் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. அன்று தொட்டு இன்று வரை அதன் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே: பிலிமின் முதுகில் ஒரு நீண்ட காகிதம், அக்காகிதத்தின் வெளிப்புறத்தில் மையினால் அச்சிட்ட படவரிசை எண்கள். பழைய பெட்டிக் கமெராக்களின் பின்புறத்தில் இருக்கும் சிறிய சிவப்புக் கண்ணாடி வழியே அவ்வெண்களைப் பார்த்துத்தான் பிலிமைத் திருகுவோம். சுருட்டப்பட்ட நிலையில் ஒரு சுற்றின் காகிதத்திலுள்ள மை, அதற்கு மேற்சுற்றிலுள்ள பிலிமின் ஒளியுணர் பூச்சைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். மையோ காகிதமோ சரியில்லையெனில், மாதக் கணக்கில் அணைத்துக் கிடந்த எண் பூச்சில் தன் தடத்தை விட்டுவிடும். 35 மில்லிமீற்றர் பிலிமுக்கு இந்தக் காகிதம் இல்லை. ஆகவே இந்தத் தொல்லையும் இல்லை.

என் சுருளைச் செய்த நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஒரு நிறுவனத்தோடு நின்றுவிடும் குறையன்று இது. உலகறிந்த உதாரணம் சில ஆண்டுகள் பின்னர் வந்தது. கொடாக்கின் ட்ரை-எக்ஸ், டி-மக்ஸ் 120 சுருள்களில் இதே போல் எண்கள் படத்தில் பதிவதாகப் பல நாடுகளிலிருந்தும் முறைப்பாடுகள் எழுந்தன. 2016ஆம் ஆண்டளவில் விற்பனைக்குப் பொறுப்பாயிருந்த கொடாக் அலாரிஸ் குறையை ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்ட தொகுதி எண்களை வெளியிட்டு, சுருள்களை மாற்றிக் கொடுத்தது. பின்னர் காகிதமும் மாற்றப்பட்டது. இதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் கூடவே சொன்ன ஒரு விடயம் எனக்கு உறுத்தலாக இருக்கிறது: அதிக வெப்பமும் ஈரப்பதமும் இக்குறையைத் தூண்டுகின்றன என்பது.

விஞ்ஞானமாக அது சரியாகவே இருக்கலாம். பிலிமை 21 அல்லது 24 பாகை செல்சியஸுக்குக் கீழே வைக்கும்படி தயாரிப்பாளரின் தரவுத்தாள்கள் கூறும். தம்புள்ளையில் பகல் வெப்பம் முப்பதைத் தாண்டாத நாளை நாம் தேடித்தான் பிடிக்க வேண்டும். இது எங்கள் தவறா? மனித குலத்தில் பெரும் பங்கினர் வெயிலில்தான் வாழ்கின்றனர். ரொச்செஸ்டர் நகரின் குளிரில் மட்டும் நன்றாயிருக்கும் காகிதத்தை மாத்தளை மாவட்டத்துக்கு அனுப்பி விற்றுவிட்டு, வெயிலைக் குற்றஞ்சாட்டுவது முறையன்று. அனுப்பும் முன் வெப்பப் பெட்டியில் சில மாதங்கள் வைத்துச் சோதித்திருந்தால் எங்களுக்கு முன்பே அவர்கள் அந்த எண்ணைக் கண்டிருப்பார்கள்.

கொடாக்கைத் தோற்றுவித்த ஜோர்ஜ் ஈஸ்ட்மனுக்கும் இத்தகைய சோதனை நேர்ந்தது. 1882இல் அவரது உலர் கண்ணாடித் தகடுகள் ஒளியை உணரும் திறனை இழந்து கெட்டன. கைப்பணம் கரைவதைப் பொருட்படுத்தாமல் விற்ற தகடுகளைத் திரும்பப் பெற்று மாற்றிக் கொடுத்தார். காரணம், வெளியிலிருந்து வாங்கிய ஜெலற்றின். அதன் இரகசியம் 1920களில்தான் வெளிப்பட்டது: மாடுகள் மேய்ந்த கடுகு வகைச் செடிகளிலிருந்து ஜெலற்றினுக்குள் வரும் கந்தகச் சேர்மமே பிலிமின் ஒளியுணர்வைக் கூட்டுகிறது என்று கொடாக் ஆய்வுகூடத்தின் செப்பர்ட் கண்டறிந்தார். மாடு தின்ற கடுகில் தங்கியிருந்த தொழில் இது! இதில் குறைகளே நேரக்கூடாது என்று நான் கேட்கவில்லை. தெரிந்த குறையைத் தெரிந்த அன்றே சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பிலிம் பெட்டிகளில் பொடி எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும். குறையுள்ள சுருளுக்குப் பதில் புதுச் சுருள் தரப்படும், அதற்கு மேல் எந்தப் பொறுப்பும் இல்லை என்பது அதன் சாரம். கமெராவிலோ கண்ணாடிக் குவளையிலோ உள்ள குறை கடையிலேயே தெரியும். பிலிமின் குறையோ, அது பதிவு செய்ய வேண்டிய கணம் கடந்த பின்னர்தான் தெரியும். இந்த ஒரு பொருளுக்கு மாற்றுப் பொருள் இழப்பீடாகாது. ஆகவே தொகுதி எண்ணை உள்ளுறையிலும் பெரிதாக அச்சிடுவதும், முறைப்பாடுகளைத் தொகுதி வாரியாக உடனுக்குடன் வெளியிடுவதும் தயாரிப்பாளரின் கடமை.

வேறு ஆளைத் தேடிப் போகவும் வழி குறைவு. 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையும் மூடப்பட்டுவிட்டது. தெற்காசியாவுக்கென்று இருந்த பிலிம் ஆலை அது.

என் பங்கிலும் தவறுண்டு. நிறுவனத்துக்கு எழுதியபோது முதலில் கேட்டது தொகுதி எண்ணைத்தான்; பெட்டியை என்றோ குப்பையில் எறிந்திருந்தேன். இப்போது பெட்டி மூடியைக் கிழித்துக் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டிவைக்கிறேன். ஒரே தொகுதியில் ஐந்து சுருள் வாங்கினால் ஒன்றைப் பயனில்லாத காட்சிகளில் செலவழித்து, சில வாரம் வெயிலில் வைத்துக் கழுவிப் பார்க்கிறேன். படம் பிடித்ததைத் தாமதியாமல் கழுவுகிறேன்.

எண் இல்லாமலே இரண்டு புதிய சுருள்களை அவர்கள் தபாலில் அனுப்பிவைத்தார்கள். குளிர்சாதனப் பெட்டியில் தயிர்ச் சட்டிக்குப் பின்னால் இன்னமும் அவை இருக்கின்றன. 2013இற்கு முன்னர் அந்த அம்மன் கோயிலின் முகப்பைப் படம் பிடித்தவர்கள் எவரேனும் இருப்பின், ஒரு பிரதியைப் பார்க்கத் தாருங்கள்.