நிறுத்தும் வல்லமை

சென்னிமலைக் கோயிலிலிருந்து மோட்டாரில் இறங்குவோருக்குப் பிரேக்கின் அருமை சொல்லாமலே விளங்கும். 1995இல் மறைந்த கோயமுத்தூர்க் கரிவர்தன், சாதாரண மாருதி 800 யந்திரத்தைக் கொண்டே பந்தயக் கார் சமைத்தார். அவ்வழியில், நம் வாலிபர்களும் தங்கள் வண்டிக்கு வேறொரு வண்டியின் பெரிய பிரேக்கைப் பூட்ட ஆசைப்படலாம். ஆசை நியாயமே, வேகம் இரட்டித்தால் பிரேக் அடக்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறதல்லவா? ஆனால் பின்பிரேக்கின் பிடி மிஞ்சினால், பின்சக்கரங்கள் முந்தி இறுகி வண்டியே சுழன்றுவிடும். காலிபரின் பிஸ்டன் பெருத்தால், பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் அதற்கேற்றதாக வேண்டும். இல்லையேல் பெடல் ஆழ இறங்கும். இரவல் உறுப்பில் குற்றமில்லை. பொருத்தம் பாராமையே குற்றம் என்பது நமது கட்சி. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், உயிர் காக்கும் பிரேக்குக்கு இவ்விரண்டையாவது பார்க்க வேண்டாமா?