கோபத்தில் போட்ட ஓட்டும் அதற்குப் பின்பும்



சில வாரங்களுக்கு முன் வீட்டுக் கூட்டம் ஒன்று முடிந்து புறப்படுகையில், கட்டட வேலை செய்யும் வாலிப சகோதரன் ஒருவன் என்னோடு ரயில் நிலையம்வரை நடந்து வந்தான். பேச்சு தேர்தலைப் பற்றித் திரும்பியது. "ஐயா, ஊரிலே என் பெயரை எடுத்துவிட்டார்கள். இங்கே நான் சேர்க்கவே இல்லை. அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எங்கள் அண்ணன் ஒரு கட்சி, மாமா ஒரு கட்சி. 2024 தேர்தல் முடிந்தது முதல் இருவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுவதில்லை. ஓட்டுப் போட்டு அவர்கள் கண்ட பலன் இதுதான். யார் வந்தாலும் நான் சிமெண்டு சுமக்கத்தானே வேண்டும்?" என்றான்.

அவனுக்கு அந்த இடத்தில் ஏற்ற பதில் என் வாயில் வரவில்லை. வீடு திரும்பிய பின்பு, நம் தேசம் கண்ட தேர்தல்களிலே மிகவும் கசப்பான ஒன்றை நினைத்துப்பார்த்தேன். அதை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இன்றைய வாலிபருக்கு அது தாத்தா காலத்துக் கதை. ஆனாலும் நகரத்துக்குப் பிழைக்க வந்த நம்மைப்போன்றவர்களுக்கு அதில் நேரடியான பங்கு உண்டு.

1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா ஒரு தீர்ப்பு வழங்கினார். 1971-இல் ரேபரேலி தொகுதியில் பிரதமர் இந்திரா காந்தி பெற்ற வெற்றி செல்லாது என்பதே அந்தத் தீர்ப்பு. அரசு அலுவலர்களைத் தேர்தல் பணிக்குப் பயன்படுத்தியது குற்றமாகக் காணப்பட்டது. ஆறு ஆண்டுகள் தேர்தலில் நிற்கவும் தடை வந்தது. உச்ச நீதிமன்றம் ஜூன் 24 அன்று நிபந்தனையோடு இடைக்காலத் தடை தந்தது. மறுநாள் இரவே, உள்நாட்டுக் குழப்பம் என்னும் காரணத்தைச் சொல்லி நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது.

அதன் பின்பு நடந்தவை வேகமாக நடந்தன. ஜெயப்பிரகாஷ் நாராயணும் மொரார்ஜி தேசாயும் உட்பட எதிர்க்கட்சித் தலைவர்கள் விடியுமுன் சிறைப்பட்டார்கள். பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டன. நெருக்கடி நிலை முடியுமுன் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் காவலில் வைக்கப்பட்டிருந்தார்கள். விசாரணையின்றிச் சிறையிலிருப்பவர் தம் விடுதலைக்காக நீதிமன்றத்தை அணுக முடியாது என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிற்று. ஐந்து நீதிபதிகளில் எச். ஆர். கன்னா ஒருவர் மாத்திரமே மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். அதன் பலனாகத் தலைமை நீதிபதி பதவி அவரைக் கடந்துபோயிற்று. அவர் பதவியை ராஜினாமா செய்தார்.

ரயில்கள் நேரத்துக்கு வந்தன, அலுவலகங்களில் ஒழுங்கு இருந்தது என்று அக்காலத்தைப் புகழ்வோர் இன்றும் உண்டு. ஆனால் அந்த ஒழுங்கின் விலையை யார் செலுத்தினார்கள் என்று கேட்டுப்பார்க்க வேண்டும். 1976-77 ஆகிய ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்யப்பட்டது. அவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். அதிகாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் இலக்கு எண்ணிக்கை கொடுக்கப்பட்டதால், வட மாநிலங்களில் ஏழைகள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். டெல்லியில் துர்க்மான் கேட் பகுதியில் வீடுகள் இடிக்கப்பட்டபோது எதிர்த்து நின்ற ஜனங்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது.

பம்பாயில் நம் ஜனங்களுக்கும் அந்த விலையில் பங்கு வந்தது. மான்குர்டு பக்கத்தில் இருந்த ஜனதா காலனியில் சுமார் 70,000 பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். பக்கத்திலிருந்த அணு ஆராய்ச்சி மையத்துக்கு அந்த நிலம் தேவை என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தது. குடியிருந்தோர் வழக்காடினார்கள், ஊர்வலம் போனார்கள். நெருக்கடி நிலையில் இந்த வழிகள் அடைபட்டன. 1976 மே மாதத்தில் காலனி முழுவதும் அகற்றப்பட்டு, ஜனங்கள் சீத்தா கேம்ப் என்னும் சதுப்பு நிலத்துக்குக் கொண்டுபோய் விடப்பட்டார்கள். அவர்களுக்காக முன்னின்று போராடியவர் கோலார் தங்கவயலிலிருந்து பிழைப்புக்காக வந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். பிற்காலத்தில் உலகெங்கும் குடிசைவாழ் ஜனங்களை ஒன்றுசேர்த்து, 2000-ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்ற அதே மனிதர். அவரைப்போன்ற ஒருவர் குரல் கொடுத்தும் அன்று காலனி நிலைக்கவில்லை. ஓட்டு இல்லாத காலத்தில் ஏழையின் குரலுக்கு எவ்வளவு எடை என்பதை இதிலே காண்கிறோம்.

1976-இல் நடக்கவேண்டிய பொதுத்தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. தேர்தல் இனி வருமா என்று பலர் நம்பிக்கை இழந்திருந்த வேளையில், 1977 ஜனவரி 18 அன்று இந்திரா காந்தி தேர்தலை அறிவித்தார். தலைவர்கள் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். சில நாட்களுக்குள் நான்கு கட்சிகள் இணைந்து ஜனதா கட்சி என்று நின்றன. கையில் பணமில்லை. பிரசாரத்துக்கு இரண்டு மாதமே இருந்தது. மார்ச் 16 முதல் 20 வரை வாக்குப்பதிவு நடந்தது. நூற்றுக்கு அறுபது பேர் வாக்களித்தார்கள்.

முடிவு யாரும் எதிர்பாராதது. உத்தரப்பிரதேசத்தின் 85 தொகுதிகளில் காங்கிரசுக்கு ஒன்றும் இல்லை. பீகாரின் 54-லும் ஒன்றும் இல்லை. பம்பாயின் ஆறு தொகுதிகளும் அதன் கையைவிட்டுப் போயின. ரேபரேலியில் பிரதமரே 55,000-க்கும் மேற்பட்ட வாக்குகளால் தோற்றார். கல்வியறிவு இல்லாதவர்கள், வயல்வெளிக்காரர்கள், ரிக்‌ஷா இழுப்பவர்கள் சத்தமில்லாமல் வரிசையில் நின்று ஓர் ஆட்சியை இறக்கிவிட்டார்கள். மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை விலக்கப்பட்டது.

இவ்வளவோடு கதையை நிறுத்தினால் அது இனிமையாக இருக்கும். ஆனால் இன்னும் இரண்டு காரியங்களை நாம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, அதே தேர்தலில் தென்னகம் வேறு விதமாக வாக்களித்தது. ஆந்திராவில் 42-க்கு 41 தொகுதிகளும், கர்நாடகத்தில் 28-க்கு 26-உம் காங்கிரசுக்குக் கிடைத்தன. தமிழ்நாட்டில் அ.தி.மு.க.வும் காங்கிரசும் சேர்ந்த கூட்டணி பெரும்பாலான தொகுதிகளைப் பிடித்தது. கட்டாய அறுவையும் இடிப்பும் வடக்கைத் தாக்கிய அளவுக்குத் தெற்கைத் தாக்கவில்லை. 1976 ஜனவரியில் கலைக்கப்பட்ட மாநில ஆட்சியைப் பற்றிய மனக்குறைகளும் தமிழ்நாட்டில் இருந்தன. ஆகவே ஒரே தேசத்தில் இரண்டு தேர்தல்கள் நடந்ததுபோல் ஆயிற்று. லக்னோவிலிருந்த மனிதன் மூடனுமல்ல, மதுரையிலிருந்த மனிதன் துரோகியுமல்ல. அவரவர் தம் வாசற்படியில் கண்டதை வைத்தே தீர்மானித்தார்கள். அண்ணனும் மாமாவும் சாப்பாட்டை நிறுத்துமுன், "நீ கண்டது என்ன? உன்னை இப்படித் தீர்மானிக்கச் செய்தது எது?" என்று ஒருவரை ஒருவர் ஒருதரமாவது கேட்டிருக்கலாமே! தேர்தல் ஒரே நாளில் முடிந்துபோகும். மைத்துனன் உறவு ஆயுள்வரைக்கும் உள்ளது.

இரண்டாவது, ஜனங்கள் அத்தனை எதிர்பார்ப்போடு ஏற்றிவைத்த ஆட்சி மூன்று ஆண்டுகூட நிலைக்கவில்லை. மொரார்ஜி தேசாய், சரண் சிங், ஜகஜீவன் ராம் ஆகிய மூவரும் ஒரே நாற்காலியின்மேல் கண் வைத்திருந்தார்கள். 1979 ஜூலையில் மொரார்ஜி ராஜினாமா செய்தார். அடுத்து வந்த சரண் சிங் மக்களவையை ஒருநாளும் சந்திக்காமலே ஆகஸ்டில் விலகினார். 1980 ஜனவரியில் அதே ஜனங்கள் அதே இந்திரா காந்தியை 353 இடங்களோடு திரும்ப அழைத்தார்கள். வெங்காய விலை அந்தத் தேர்தலில் பெரிய பேச்சாக இருந்தது. வாக்களித்தோர் விகிதமும் 1977-ஐவிடக் குறைந்து, 57-க்கு இறங்கிற்று. ஏமாந்த மனிதன் முதலில் செய்வது வீட்டில் இருந்துவிடுவதே.

அப்படியானால் 1977-இல் போட்ட ஓட்டு வீணா? அல்லவே அல்ல. அந்தக் குறுகிய காலத்துக்குள் நாடாளுமன்றம் 44-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. உள்நாட்டுக் குழப்பம் என்னும் மங்கலான வார்த்தை நீக்கப்பட்டு, ஆயுதக் கிளர்ச்சி என்று மாற்றப்பட்டது. அமைச்சரவையின் எழுத்துமூலமான முடிவு இல்லாமல் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவிக்கக்கூடாது என்றாயிற்று. எந்த நெருக்கடியிலும் உயிர் வாழும் உரிமையைப் பறிக்க முடியாது என்று எழுதப்பட்டது. அந்த வேலிகள் இன்றும் நிற்கின்றன. தலைவர்கள் கலைந்துபோனார்கள், சட்டம் நிலைத்தது. கோபத்தில் போட்ட ஓட்டு கதவைத் திறந்தது என்றால், உள்ளே போய்ச் சட்டத்தைத் திருத்தியவர்களின் பொறுமையான உழைப்பே நமக்கு மிஞ்சிய பலன்.

இன்றைக்கு வருவோம். அரசியலின் சீர்கேடு நம் கண்முன் இருக்கிறது. தேர்தல் வரும்போது பணம் வருகிறது, சாதி வருகிறது, மதத்தின் பெயரால் பகை வருகிறது. ஜெயித்தவர் கட்சி மாறுகிறார். ஆனாலும் சாதாரண குடிமக்கள் நீதிமன்றத்தின் கதவைத் தட்டிப் பெற்றுத்தந்த நன்மைகளும் உண்டு. 2002, 2003-ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளினால், வேட்பாளர் ஒவ்வொருவரும் தம்மேலுள்ள குற்ற வழக்குகளையும் சொத்தையும் கல்வித் தகுதியையும் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்கவேண்டும். 2013 முதல் எவருக்கும் வாக்கில்லை என்று பதிவு செய்ய நோட்டா பொத்தான் உண்டு. கட்சிகளுக்கு ரகசியமாக நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நம்மில் எத்தனைபேர் நம் தொகுதி வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தை வாசித்திருக்கிறோம்? கைப்பேசியில் நிமிடத்துக்கொரு வதந்தியைப் பார்க்கிற நாம், தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்திலுள்ள அந்த நாலு தாளைப் பார்ப்பதில்லை.

இடம்பெயர்ந்து வாழும் நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஒருவருக்கு ஓரிடத்தில் மாத்திரமே ஓட்டு என்பது சட்டம். சாதாரணமாகக் குடியிருக்கும் இடமே அந்த இடம். ஊரில் பெயரை வைத்துக்கொண்டு இங்கே பத்து வருடம் வாடகைக்கு இருப்போரின் நிலை எளிதல்ல. 2025-இல் பீகாரில் நடந்த தீவிரத் திருத்தத்தில் ஏறக்குறைய 65 லட்சம் பெயர்கள் வரைவுப் பட்டியலில் இடம்பெறவில்லை. மரணத்தோடும் இரட்டைப் பதிவோடும், நிரந்தரமாக வெளியூர் போய்விட்டார்கள் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டிலும் அப்பணி தொடங்கிற்று. வெளியூரில் இருந்தபடியே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குமுன் வைத்தது. கட்சிகளுக்குள் உடன்பாடு உண்டாகவில்லை. ஆகையால் அதற்காகக் காத்திராமல், இருக்கும் இடத்தில் பெயரைச் சேர்ப்பதே புத்தி. புதிதாகச் சேர்க்க 6-ஆம் படிவம், இடமாற்றத்துக்கு 8-ஆம் படிவம். 18 வயது நிறைந்தோர் சேர்வதற்கு இப்போது ஆண்டில் நான்கு தகுதி நாட்கள் உண்டு: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி.

போன சனிக்கிழமை அந்த வாலிப சகோதரனை வரச்சொல்லி, ஜனதா காலனியின் கதையைச் சொன்னேன். வெகுநேரம் பேசாதிருந்தான். பிறகு, "எங்கள் தாத்தா சீத்தா கேம்ப் பேரைச் சொல்லுவார் ஐயா. ஏன் அங்கே போனார்கள் என்று நான் கேட்டதே இல்லை" என்றான். வாடகை ஒப்பந்தத்தின் நகலும் புகைப்படமும் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தான். இருவருமாகப் படிவத்தைப் பூர்த்தி செய்தோம்.

யாருக்கு ஓட்டு என்று அவன் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. புறப்படும்போது மாத்திரம், "மாமாவை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடப்போகிறேன், அண்ணனும் இருப்பான்" என்றான். உங்கள் வீட்டிலும் இப்படிப்பட்ட ஒரு சாப்பாடு மீதியாக இருக்குமானால், அடுத்த தேர்தல் வரும்வரை அதைத் தள்ளிவைக்காதிருங்கள்.