உழைத்ததை எழுதுங்கள்!

ஏப்ரலில் பரீட்சை முடிகிறது. சில வாரங்களில் ரிசல்ட் வருகிறது. அதன் பிறகு மதுரை நகரத்து ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம் கூடுகிறது. அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி, மேலூர் அரசு கலைக் கல்லூரி ஆகியவற்றில் படித்து வெளிவந்த பிள்ளைகள் அங்கே நிற்கிறார்கள். பலர் மில் தொழிலாளியின் பிள்ளைகள், விவசாயக் கூலியின் பிள்ளைகள். குடும்பத்திலேயே முதன் முதலாகப் பட்டம் வாங்கியவர்கள்.

"பயோடேட்டா ஒண்ணு அடிக்கணும் அண்ணே" என்கிறார்கள்.

கடைக்காரரின் கம்ப்யூட்டரில் மாதிரி ஒன்று தயாராக இருக்கிறது. பழைய பெயரை அழித்துப் புதுப் பெயரைப் போடுகிறார். பத்து நிமிஷத்தில் காகிதம் வந்துவிடுகிறது. மூன்று வருஷப் படிப்பு, அம்மாவின் அடகு வைத்த கம்மல், அப்பாவின் ஓவர்டைம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கம்பெனி வாசலுக்குப் போவது இந்தப் பத்து நிமிஷக் காகிதம்தான்.

அதில் என்ன இருக்கிறது? தலைப்பில் ஓர் ஆங்கில வாக்கியம்: "புகழ் பெற்ற நிறுவனத்தில் சவாலான பதவியை நாடுகிறேன்" என்று அதற்கு அர்த்தம். நூறு பிள்ளைகளின் காகிதத்திலும் இதே வாக்கியம். கீழே "கடின உழைப்பாளி, தலைமைப் பண்பு உள்ளவர்" என்ற புகழ்ச்சி. பிறகு தகப்பனார் பெயர், மதம், சாதி. பொழுதுபோக்கு: கிரிக்கெட் பார்ப்பது. கடைசியில் "மேற்கண்டவை யாவும் உண்மை" என்று கையெழுத்து.

அதில் என்ன இல்லை? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலை நிறுவை பார்த்துக் கணக்கு எழுதிவிட்டு வகுப்புக்குப் போனது இல்லை. தீபாவளிக் காலத்தில் மாசி வீதி ஜவுளிக் கடையில் நாள் முழுவதும் நின்று விற்றது இல்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக் கணக்கு எழுதியது இல்லை. பஞ்சாலையில் ஒரு வருஷம் வேலை பார்த்துப் பணம் சேர்த்துக் கல்லூரிக்கு வந்த பெண், அந்த வருஷத்தையே காகிதத்திலிருந்து அழித்துவிடுகிறாள்.

ஏன்? வெட்கம்! கூலி வேலையைச் சொன்னால் மரியாதை போய்விடுமாம். வசதியான வீட்டுப் பிள்ளை மாமாவின் ஆபீசில் ஒரு மாதம் உட்கார்ந்துவிட்டு அதை "அனுபவம்" என்று எழுதுகிறான். நம் பிள்ளை நாலு தீபாவளிக்கு வியாபாரம் பார்த்துவிட்டு "அனுபவம் இல்லை" என்று எழுதுகிறான். இது என்ன நியாயம்? நாம் சொல்ல வருவது இதுதான்: செய்த உழைப்பை ஒளிக்காதீர்கள். செய்யாததை எழுதாதீர்கள்.

எப்படி எழுதுவது?

"ஜவுளிக் கடையில் வேலை பார்த்தேன்" என்று மொட்டையாக எழுதினால் போதாது. எத்தனை நாள், எந்தப் பிரிவில், என்ன பொறுப்பில் என்று எழுத வேண்டும். "இரண்டு தீபாவளிக் காலங்களில், மொத்தம் 60 நாட்கள், சேலைப் பிரிவில் விற்பனை, இரவில் இருப்புக் கணக்கு எடுத்தேன்" என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் கண் அங்கே நிற்கும். "கடின உழைப்பாளி" என்று தனியாக எழுத வேண்டியதே இல்லை. கணக்கே அதைச் சொல்லிவிடும்.

பெயர், டெலிபோன் நம்பர், ஈமெயில் விலாசம் மேலே இருக்கட்டும். ஈமெயில் விலாசம் விளையாட்டுப் பெயரில் இல்லாமல் சொந்தப் பெயரில் இருக்கட்டும். கடைசியாகப் படித்த படிப்பு முதலிலும், பள்ளிப் படிப்பு கீழேயும் வர வேண்டும். மதிப்பெண்ணைக் கூட்டியும் எழுத வேண்டாம், குறைத்தும் எழுத வேண்டாம். டைப்ரைட்டிங் லோயரோ ஹையரோ பாஸ் செய்திருந்தால், டேலி கணக்குப் படித்திருந்தால், நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் பொறுப்பு ஏற்றிருந்தால் எழுதுங்கள். புதிதாகப் படித்து வந்தவருக்கு ஒரு பக்கம் போதும். கூட இருப்பவர் ஒருவரிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லா வேலைக்கும் ஒரே காகிதத்தை அனுப்பக் கூடாது. 1482 வாக்கில் இத்தாலியில் லியனார்டோ டாவின்சி வேலை கேட்டு மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்போர்சாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். உலகம் போற்றும் ஓவியர் அவர். ஆனால் அந்த ஆட்சியாளருக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது யுத்த சாதனங்கள். ஆகவே தூக்கிச் செல்லக்கூடிய பாலம், பீரங்கி, மூடிய வண்டி என்று வரிசையாக எழுதிவிட்டு, ஓவியத்தைக் கடைசியில்தான் சொன்னார். வேலை கொடுப்பவருக்கு எது வேண்டுமோ அது முதலில் வர வேண்டும். கணக்கர் வேலைக்கு மனுப் போட்டால் பூ மார்க்கெட் கணக்கு மேலே வரட்டும். விற்பனை வேலைக்குப் போட்டால் ஜவுளிக் கடை மேலே வரட்டும்.

பொய் மட்டும் வேண்டாம். "ஆங்கிலம் சரளமாகப் பேசுவேன்" என்று கடைக்காரர் மாதிரியில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு நேர்முகத்தில் வாயடைத்து நிற்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! "ஆங்கிலம் படிப்பேன், எழுதுவேன், பேசப் பழகி வருகிறேன்" என்று எழுதினால் எந்தக் கேள்விக்கும் தலை நிமிர்ந்து பதில் சொல்லலாம். தமிழ் வழியில் படித்ததையும் மறைக்க வேண்டாம். தமிழ்நாட்டு அரசுப் பணி நியமனத்தில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010ல் வந்தது. பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று 2020ல் திருத்தினார்கள். அதற்கான சான்றிதழைப் பள்ளியிலும் கல்லூரியிலும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சாதியை ஏன் எழுதுகிறீர்கள்?

தனியார் கம்பெனிக்குப் போகும் காகிதத்தில் மதம், சாதி எதற்கு? பேராசிரியர்கள் சுக்தேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் 2007ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்திரிகைகளில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 மனுக்கள் அனுப்பினார்கள். சமமான தகுதி; பெயர் மட்டும் வேறு. மேல்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 100 என்று வைத்தால், தலித் பெயருக்கு 67, முஸ்லிம் பெயருக்கு 33 என்ற விகிதம்தான் கிடைத்தது. நேர்முகத்துக்குக் கூப்பிடும் முன்பே, காகிதத்திலேயே கழித்துவிட்டார்கள்!

1929ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. தமிழ்நாட்டில் பெருவாரியான மக்கள் அதை விட்டார்கள். பெயரில் விட்டதைப் பயோடேட்டாவின் அடிவரியில் நாமே எழுதிக் கொடுப்பதா? சர்க்கார் வேலைக்கான மனுவில் இட ஒதுக்கீட்டுக்காகச் சாதிச் சான்றிதழ் கேட்பார்கள். அங்கே எழுதுங்கள். அது உரிமை. தனியார் காகிதத்தில் அந்த வரியே வேண்டாம்.

காகிதம் வேலையை உண்டாக்காது

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நல்ல பயோடேட்டா கதவைத் தட்ட உதவும். இல்லாத வேலையை அது உண்டாக்காது. 2024ல் நடந்த குரூப் 4 தேர்வுக்குச் சுமார் 20 லட்சம் பேர் மனுப் போட்டார்கள். முதலில் அறிவித்த இடங்கள் 6,244. பிறகு கூட்டியும் இடங்கள் பத்தாயிரத்தை எட்டவில்லை. 20 லட்சம் பேரும் முத்து முத்தாக எழுதியிருந்தாலும் இடம் கூடியிருக்குமா?

ஆகவே வேலை கிடைக்காத பிள்ளையைப் பார்த்து, "உனக்குத் திறமை இல்லை, காகிதம்கூட எழுதத் தெரியவில்லை" என்று பேசும் உபதேசிகளை நம்பாதீர்கள். வேலையில்லாத் திண்டாட்டத்தின் பழியைப் பிள்ளையின் தலையில் கட்டும் தந்திரம் இது.

சட்டம் என்ன செய்தது? 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் காலி இடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959ல் சட்டம் வந்தது. ஆனால் அங்கே பதிந்தவர்களைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. அந்தச் சட்டத்தை 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் சேர்த்தார்கள். கட்டாயம் அங்கேயும் இல்லை. காலி இடத்தைத் தெரிவிப்பது ஒன்று, ஆளை எடுப்பது வேறொன்று. இந்த ஓட்டையை அடைக்கச் சொல்லிக் கேட்பது வீட்டுக்கு வீடு பட்டதாரி வைத்திருக்கும் நம் வேலை.

அதற்காகப் பதியாமல் இருந்துவிடக் கூடாது. புதூரில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியுங்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க மறக்காதீர்கள். போட்டித் தேர்வுக்கு அங்கே தன்னார்வப் பயிலும் வட்டம் இலவசமாகப் பயிற்சி தருகிறது. வேலைக்கு முன்பணம் கேட்பவன் எவனாக இருந்தாலும், எவ்வளவு பெரிய ஆளைத் தெரியும் என்று சொன்னாலும், ஒரு பைசா கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். நகல் போதும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "நமக்கு இங்கிலீசு தெரியாது, பிள்ளை பார்த்துக்கொள்ளும்" என்று ஒதுங்காதீர்கள். ஒரு நாள் சாயங்காலம் பிள்ளையுடன் உட்காருங்கள். எந்த வருஷம் எங்கே வேலைக்குப் போனான், எந்தக் கணக்கை எழுதினாள், யாருக்கு மனு எழுதிக் கொடுத்தாள் என்று உங்களுக்குத்தான் நினைவிருக்கும். சொல்லுங்கள், பிள்ளை எழுதட்டும். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகட்டும்.

ஸ்பின்னிங்கில் நிற்கும் தொழிலாளி தன் ஷிப்டில் ஓடிய நூலின் கணக்கில் ஒன்று குறைந்தாலும் விடமாட்டான். நடவுக்குப் போன பெண் நட்ட குழியில் ஒரு குழி குறைத்து எழுதினால் வரப்பிலேயே நின்று கேட்பாள். அப்படிப்பட்டவர்களின் பிள்ளை, தான் உழைத்த நாலு வருஷத்தைத் தானே கணக்கில் விடலாமா? எழுதட்டும். ஒன்று விடாமல் எழுதட்டும்!