பாசி கோர்ப்பது நம் விருப்பம், சம்பளம் நம் உரிமை



போன மாதம் எங்கள் தோட்டத்தில் மாதர் கூட்டம் நடந்தது. இரண்டு விஷயங்கள் பேசினோம். ஒன்று நாட்சம்பளம். மற்றது, பெண்கள் கையால் நகை செய்யப் பழகுவதற்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வகுப்பு வைக்கலாமா என்பது. வகுப்புக்கு எல்லோரும் கை தூக்கினார்கள். அப்போது கூட்டத்துக்கு வந்திருந்த ஓர் அண்ணன் எழுந்து, "பொம்பளைங்க இப்படி வீட்டுல இருந்தே நாலு காசு பார்த்தா, சம்பளத்துக்காக இவ்வளவு மல்லுக்கட்டத் தேவையில்லையே" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். சிலர் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. நேரம் போய்விட்டதால் பதிலும் சொல்லவில்லை. அன்று சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நகை செய்வதற்கு நான் எதிரானவள் இல்லை. நானும் செய்கிறேன். என் சாமான்கள் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் அடங்கும்: பட்டுநூல் கட்டைகள், பாசிமணி, தங்கூசி, தோட்டுக் கொக்கி, ஒரு சின்னக் குறடு, ஒரு போத்தல் பசை. பெரிய வித்தை எதுவும் இல்லை. பழைய பிளாஸ்டிக் வளையலை எடுத்து, பட்டுநூலைப் பத்துப் பதினைந்து இழையாகச் சேர்த்து, உட்பக்கம் ஒரு சொட்டுப் பசை வைத்து, இடைவெளி விடாமல் இறுக்கிச் சுற்ற வேண்டும். மேலே ஒரு வரி கல் ஒட்டினால் கலியாண வீட்டுக்கே போட்டுப் போகலாம். பழைய கலண்டர் தாளை ஒல்லியாக வெட்டிச் சுருட்டினால் தோடு. பாசிமணியைத் தங்கூசியில் கோர்த்தால் மாலை.

கொழுந்து எடுக்கும் கைக்கு இது கஷ்டமில்லை. எந்த இலையை எடுப்பது, எதை விடுவது என்று கண் பார்க்கும் முன்பே விரலுக்குத் தெரியும் கை அது. ஆனால் அந்தக் கைக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. "டீச்சர், வெடிச்ச வெரல்ல நூல் கொக்குது" என்றார் ஓர் அக்கா. அடுத்த வாரம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தார். நூல் கொக்கவில்லை, ஆனால் பசை ஒட்டவில்லை. கடைசியில் முதல் நாள் இரவே எண்ணெய் தடவிப் படுத்து, காலையில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வரப் பழகினார். இப்போது எங்களில் அவர் சுற்றும் வளையலுக்குத்தான் கேள்வி அதிகம்.

என் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் மலையில் நின்றவர். இப்போது வீட்டில் இருக்கிறார். ஒரு நாள் என்னோடு உட்கார்ந்து ஒரு பச்சைப் பாசிமாலை கோர்த்து முடித்தார். அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எனக்குன்னு நான் ஒரு சாமான் செஞ்சதே இல்ல புள்ள" என்றார். அவர் பறித்த கொழுந்து எந்தெந்த நாட்டிலோ கோப்பையில் ஊறியிருக்கும். கட்டிய கூடை, தைத்த சட்டை, பின்னிய தலை எல்லாம் பிறருக்காக. அந்த ஒரு மாலைதான் அவருக்காக அவர் செய்தது. அதை விற்கச் சொல்ல எனக்கு மனம் வருமா?

நம் வீடுகளில் தங்கம் பெட்டிக்குள் இருக்கும் நாளைவிட அடகுக் கடையில் இருக்கும் நாளே அதிகம். பிள்ளைக்குச் சப்பாத்து, புத்தகப்பை வாங்கும்போது போகும். தீபாவளிக்கு மீட்போம். அடுத்த காய்ச்சலுக்குத் திரும்பவும் போகும். தேயிலைப் பெட்டியின் மேல் உள்ள படத்தில் மட்டும் கொழுந்து எடுக்கும் பெண் எந்நாளும் தோடும் மூக்குத்தியும் போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள். அப்படியிருக்க, நம் பெண் ஒருத்தி தானே செய்த நூல் தோட்டைப் போட்டுக்கொண்டு திருவிழாவுக்குப் போவது சின்ன விஷயம் இல்லை. அழகாக இருக்க ஆசைப்படுவதும், ஒரு மணி நேரம் தனக்குப் பிடித்ததைச் செய்வதும் வசதி உள்ளவர்களுக்கு மட்டும் எழுதி வைத்தது அல்ல.

மே தினத்தில் நாம் சிவப்புத் தொப்பி போட்டு ஊர்வலம் போகிறோம். 1886இல் சிக்காகோ தொழிலாளர்கள் எதற்காக வீதியில் இறங்கினார்கள்? எட்டு மணி நேர வேலைக்காக. அந்தப் போராட்டத்தின் கணக்கு ஒரு நாளை மூன்றாகப் பிரித்தது: எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், மீதி எட்டு மணி நேரம் நம் இஷ்டத்துக்கு. இந்த மூன்றாவது எட்டு மணி நேரம் லயத்துப் பெண்ணுக்கு எங்கே? விடியுமுன் எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலைக்குப் போய், அந்திக் கொழுந்து நிறுத்து, விறகும் தண்ணீரும் தூக்கி, சமைத்து, கழுவி முடிக்கும்போது எட்டு மணி. மலையில் கவ்வாத்து வெட்டப் போன ஆண்கள் பல நாட்களில் பகலோடு வீடு திரும்பிவிடுகிறார்கள்.

1984இல் போராடி ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளத்தைப் பெற்றோம். வீட்டுக்குள் அந்தச் சமம் இன்னும் வரவில்லை. ஆகவே நகை வகுப்புக்குக் கை தூக்கிய அண்ணன்மாரிடம் நான் கேட்பது: வகுப்பு நடக்கும் அந்த இரண்டு மணி நேரம் அடுப்பை யார் பார்ப்பது? பிள்ளையை யார் குளிப்பாட்டுவது? அதற்கும் சேர்த்துக் கை தூக்கினால்தான் அந்தத் தீர்மானம் முழுமையாகும். இல்லாவிட்டால் பெண்ணின் தூக்கத்தில் இரண்டு மணி நேரத்தை வெட்டித்தான் வளையல் சுற்ற வேண்டும். எண்பது சதுர அடி கூட மிஞ்சாத காம்பராவில், படிக்கிற பிள்ளையின் வெளிச்சத்தில் பங்கு கேட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு செய்வது பொழுதுபோக்கு ஆகாது.

இனிக் காசுக் கணக்குக்கு வருவோம். அந்த அண்ணன் சொன்ன "நாலு காசு" எவ்வளவு?

தட்டார்மார் ஒரு காலத்தில் பொன்னைக் குன்றிமணியால் நிறுத்தார்கள். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. ஒரு விதையின் எடைக்குக்கூடக் கணக்கு இருந்தது. (இடையில் ஒரு எச்சரிக்கை: அழகாக இருக்கிறது என்று சிலர் குன்றிமணியையும் துளைத்துக் கோர்க்கிறார்கள். அது விஷம். துளைத்த, உடைந்த குன்றிமணி பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வேண்டாம்.) பொன்னுக்கு அவ்வளவு கணக்கு என்றால் நம் நேரத்துக்குக் கணக்கு வேண்டாமா?

நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். ஒரு சோடி நூல் தோட்டுக்கு நூல், அட்டை, பசை, கொக்கி எல்லாம் சேர்த்து எனக்கு 90 ரூபா போனது. செய்ய ஒரு மணி நேரம். தெரிந்த ஒருவர் 200 ரூபாவுக்கு வாங்கினார். 110 ரூபா மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். பிறகு பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கும் பழக்கத்தில் ஒரு தாளை எடுத்தேன். 2024இல் வர்த்தமானியில் வந்த 1350 ரூபா நாட்சம்பளத்தையே எட்டால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 169 ரூபா. போதாது போதாது என்று நாம் போராடிய அந்தச் சம்பளத்தைவிடக் குறைவான கூலிக்கு நானே என்னை வேலைக்கு வைத்திருக்கிறேன்! டவுனுக்குப் போய் நூல் வாங்கிய பஸ் காசை இதில் சேர்க்கவில்லை. விற்காமல் டின்னுக்குள் கிடக்கும் தோடுகளையும் சேர்க்கவில்லை.

இன்னும் ஒன்று. 1350 ரூபாவுக்கு ஒரு நாள் பேர் விழுந்தால், நம் பங்கு 8 வீதம் போக, கம்பனி தன் பங்காக 12 வீதம், அதாவது 162 ரூபா, ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், 40 ரூபா 50 சதம். இரண்டும் சேர்த்து 202 ரூபா 50 சதம். தோடு விற்றால் இதை யார் கட்டுவார்? சுகமில்லாமல் படுத்தால், பிள்ளைப்பேறு வந்தால் யார் பொறுப்பு? பொழுதுபோக்காகச் செய்யும்போது இந்தக் கேள்விகள் தேவையில்லை. இரண்டு சோடி விற்றால் சந்தோஷம், விற்காவிட்டால் தங்கச்சிக்குக் கொடுப்போம். ஆனால் அதையே சம்பளத்துக்குப் பதிலாகக் காட்டும்போது இத்தனை கேள்வியும் வரும்.

இது வெறும் பேச்சு இல்லை, பக்கத்திலேயே நடந்தது. ஒரு தோட்டத்தில் வெளியிலிருந்து வந்த ஒரு வியாபாரி வீடு வீடாக மணியும் நூலும் கொடுத்து, கோர்த்த மாலைக்கு இவ்வளவு என்று பேசினார். எழுத்தில் ஒன்றும் இல்லை. மணி குறைந்தால் கழிவு, முடிச்சு சரியில்லை என்றால் கழிவு. கொழுந்தில் ஈரம் என்று சொல்லிக் கிலோவைக் கழிப்பது நமக்குப் பழகிய கதைதானே, அதுவே இப்போது இஸ்தோப்புக்கு வந்தது. அம்மாவால் தனியாக முடிக்க முடியாமல் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். வகுப்பில் ஒரு பிள்ளை மேசையில் தலை வைத்துத் தூங்கியது. கேட்டேன். "அம்மாவோட மணி கோர்த்தேன் டீச்சர். இன்னைக்குக் கணக்குக் குடுக்கணும்" என்றது. படித்து மலையை விட்டு மேலே வர வேண்டும் என்று நாம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பிள்ளை அது. அந்த மாலையின் விலையில் அந்தப் பிள்ளையின் தூக்கத்தை யாரும் சேர்க்கவில்லை.

வீட்டிலிருந்து பிறருக்காக வேலை செய்பவரும் தொழிலாளிதான். 1996இலேயே சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் வீட்டிலிருந்து செய்யும் வேலைக்காக 177ஆம் இலக்கச் சமவாயத்தைக் கொண்டுவந்தது. மற்றத் தொழிலாளர்களைப் போல அவர்களையும் நடத்த வேண்டும், சங்கம் சேரும் உரிமை வேண்டும் என்பதே அதன் சாரம். எனவே சங்கம் இதைப் "பொம்பளைங்க கைவேலை" என்று ஒதுக்கக் கூடாது.

கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. "சுயதொழிலுக்கு மூலதனம்" என்று குழுக்கடன் கொடுக்க வருவார்கள். வாராவாரம் வாசலுக்கு வரும் அந்தக் கடனால் நம் சகோதரிகள் பட்ட பாட்டை நாம் பார்த்திருக்கிறோம். நூறு ரூபா நூலோடு தொடங்கக்கூடிய கைவேலைக்கு ஐம்பதாயிரம் கடன் எதற்கு? ஆசைக்குப் போடும் மணிமாலை கழுத்துச் சுருக்காக மாற வேண்டாம்.

ஆகவே என் கருத்து இது. வகுப்பு நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசிகசாலையைத் திறந்து, வெளிச்சமும் மேசையும் உள்ள இடத்தில் பெண்கள் இரண்டு மணி நேரம் உட்காரட்டும். அந்த நேரம் வீட்டை ஆண்கள் பார்க்கட்டும். இதைத் தோட்டத் தலைவர்கள் தங்கள் வீட்டிலிருந்தே தொடங்கினால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள். செய்ததை விற்க விரும்புபவர் விற்கட்டும், ஆனால் சாமான் விலையோடு தன் மணி நேரத்துக்கும் கூலி போட்டு விலை சொல்லட்டும். யாராவது ஓடர் கொண்டு வந்தால் தனியாகத் தலையாட்டாமல் மாதர் அணிக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றுக்கு எவ்வளவு, கழிவு எதற்கு, காசு எப்போது என்று எழுத்தில் வாங்கிய பிறகு மணியைத் தொடுவோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அந்த வேலையில் உட்கார வைக்கக் கூடாது.

கூட்டக் குறிப்பில் இரண்டு தீர்மானங்களையும் தனித்தனியாக எழுதுவோம். நகை வகுப்பு ஒன்று, நாட்சம்பளம் வேறொன்று. கம்பனியோடு பேசப் போகும்போது, "உங்கள் பெண்கள்தான் வீட்டில் உழைக்கிறார்களே" என்று யாரும் சொல்ல நாமே இடம் கொடுக்கக் கூடாது. நம் ஓய்வு நேரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பது சம்பளப் பேச்சுவார்த்தை மேசைக்கு வர வேண்டிய விஷயமே இல்லை. துரைமார் ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடுகிறார்கள் என்று யாரும் அவர்கள் சம்பளத்தைக் குறைப்பதில்லை.

கூட்டத்தில் பேசிய அண்ணனுக்கு என் மேல் கோபம் வராது என்று நம்புகிறேன். அவருடைய மனைவியும் வகுப்புக்குப் பேர் கொடுத்திருக்கிறார். முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்குத் தொடங்குகிறோம். பழைய வளையல் இருந்தால் கொண்டுவாருங்கள். அண்ணன் அன்று வீட்டில் சோறு ஆக்கி வைக்கட்டும்.